ஒரு கைக்கு மட்டும்

முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்குப் போன பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். யன்னல் பக்கம் இருந்தவர் சொன்னார்: "வலக்கைக்கு மட்டும்தான் கையுறை போட்டு அடக்கம் செய்தனாங்கள்."

"ஏனக்கா, மற்றது துலைஞ்சு போச்சோ?"

"இல்லை. என்ர தங்கச்சியின்ர மகன், றொக் பாட்டுக்குக் கிற்றார் அடிக்கிறவன். தெரியுந்தானே?"

"ஓம், கோயில் பெருநாளுக்கு அடிச்சவன். கிழடுகளும் எழும்பி நிண்டு கேட்டதுகள். மலேரியாவிலை செத்துப் போனான் எண்டு கேள்விப்பட்டன்."

"ஓம், இருபத்தொரு வயசு. தேப்பனுக்கு அவனிலை ஒரே கோவம். வலை இழுக்க வாறேல்லை, கை காய்க்காத பொடியன் எண்டு கரையெல்லாம் ஏசித் திரிஞ்சவர்."

ஒட்டுசுட்டானில் யாரோ கோழியோடு ஏறினார்கள். கோழி கத்தி முடியும்வரை கதை நின்றது.

"சவப்பெட்டியிலை கிடத்தினாப் பிறகு, வழமையாப் போடுற வெள்ளைக் கையுறையைத் தேப்பன்தான் போட்டவர். இடக்கையைத் தூக்கினவர் அப்பிடியே நிண்டிட்டார். நாலு விரல் நுனியும் கம்பியை அமத்தி அமத்திக் காய்ச்சு, கல்லு மாதிரிக் கிடந்தது."

"பிறகு?"

"மற்றக் கையுறையைத் தன்ர பொக்கற்றுக்கை வச்சிட்டு, 'செபமாலைக்கு மேலை இந்தக் கையை வையுங்கோ. வாற சனம் பாக்கட்டும்' எண்டார்."