சிவப்புத் தக்கை

இரவு பத்தே முக்கால். ஊருக்கு வெளியே சுற்றிப் போகும் சாலை. விளக்குக் கம்பங்கள் உண்டு, விளக்கு எரியாது...

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கடைசியில் இருப்பவர் கதவைச் சாத்திவிடுங்கள். இது என் தோழியின் சித்தப்பாவுக்கு நடந்தது. அவள் கதை கட்டுகிறவள் இல்லை. சொல்லி முடிக்கும்வரை என் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சித்தப்பா கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர். ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். பின் சீட்டில் போர்வை சுற்றி, கயிறு போட்டு ஒரு பெரிய கம்ப்யூட்டர். ஸ்க்ரீனுக்குள்ளேயே எல்லாம் அடங்கிய வகை. ரிப்பேருக்கு வந்து ஒரு வருடம் ஆகிவிட்டது, எடுக்க ஆள் வரவில்லை. கொடுத்திருந்த நம்பருக்குப் போட்டால் எடுப்பார்கள். பேச மாட்டார்கள். தண்ணீர் அலம்பும் சத்தம் மட்டும் கேட்கும்.

"கொண்டு போய்யா. ஒரு வருஷமா இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது," என்றார் கடை முதலாளி.

பாதி வழியில் சித்தப்பா ஒன்றைக் கவனித்தார். தன் நிழல் தனக்கு முன்னால், சாலையில் நீளமாக விழுந்துகொண்டிருந்தது. பின்னால் லாரி என்று நினைத்து ஓரம் கட்டினார். லாரி வரவில்லை. சத்தமும் இல்லை. திரும்பிப் பார்த்தார்... இருட்டு. போர்வை கட்டினபடியே இருந்தது. மறுபடி முன்னால் பார்த்தபோது நிழல் இல்லை. குளத்துப் பாசி வாசனை மட்டும் லேசாக. அந்தச் சாலையில் குளம் கிடையாது.

வீட்டில் சித்தி படுக்கையில் இருந்தாள். இதயத்தில் ஆபரேஷன். ஆறு வாரம் தாண்டிவிட்டால் பயமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்போது ஒரு வாரம்கூட முடியவில்லை. சித்தப்பா காலண்டரில் நாள் எண்ணிக்கொண்டிருந்தார். சித்தி ஓடுகளைப் பிரித்துப் பார்க்காத குறையாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலைக்கு வெளியூர் போன சித்தியின் தம்பி, தன் கேம் பெட்டியையும் இரண்டு கன்ட்ரோலரையும் விட்டுப் போயிருந்தான். வீட்டு டிவி பழசு, அதில் செருக இடமில்லை. அதற்காகத்தான் சித்தப்பா இந்த ஸ்க்ரீனைக் கொண்டுவந்தார். அதிலும் ஒரு சிக்கல். இந்த வகைக் கம்ப்யூட்டரில் படம் வெளியே போக வழி உண்டு. வெளியிலிருந்து படம் உள்ளே வர வழி கிடையாது. இடையில் ஒரு சின்னப் பெட்டி வைத்து, கேம் படத்தைப் பிடித்து, கம்ப்யூட்டருக்குள் அனுப்பி, அதன் ஸ்க்ரீனில் காட்ட வைத்தார்.

மீன் பிடிக்கிற கேம். ஒரு ஏரி, ஒரு படகு, தண்ணீரில் ஒரு தக்கை. தக்கை முங்கும் கணத்தில் பட்டனை அமுக்க வேண்டும். முதல் ஆளுக்குச் சிவப்புத் தக்கை, இரண்டாம் ஆளுக்கு நீலம். கன்ட்ரோலர் கையில் இருந்தால்தான் அந்தத் தக்கை தண்ணீரில் இருக்கும். கீழே வைத்தால் கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும்.

"ஏங்க, நான் இன்னிக்கு இழுத்தா இது நாளைக்கு இழுக்குதுங்க," என்றாள் சித்தி. "மீனெல்லாம் குடும்பத்தோட வந்து தின்னுட்டுப் போகுது."

"இரு, சரி பண்றேன். கொடு அந்த ரெண்டாவதை." சித்தப்பாவும் ஆடிப் பார்த்தார். ஒரு மீனும் வரவில்லை.

"எதுக்கு ரெண்டு ரெண்டு தடவை அமுக்குறீங்க? லிஃப்ட் பட்டனா அது?"

"பழக்கம்டி. எந்த சுவிட்சையும் ரெண்டு தடவை அமுக்கினாத்தான் எனக்கு நம்பிக்கை."

"அதான் ஒரு மீனும் உங்களை நம்பல."

சித்தியிடம் ஒரு வழக்கம் இருந்தது. தண்ணீர் குடிக்க எழுந்தாலும், ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் 'பாஸ்' பட்டனைப் போடாமல் கன்ட்ரோலரை வைக்க மாட்டாள். ஸ்க்ரீனில் 'பிளேயர் ஒன் – பாஸ்' என்று எழுத்து வந்த பிறகே கை நகரும். "தண்ணியில ஆளை விட்டுட்டு எந்திரிக்கக் கூடாதுங்க," என்பாள்.

சித்தப்பா தாமதத்தை அளந்தார். சித்தியின் கட்டை விரலும் ஸ்க்ரீனும் ஒன்றாகத் தெரியும்படி, செல்போனில் ஸ்லோமோஷனில் படம் எடுத்து எண்ணினார். வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. கேபிளை மாற்றினார். அமைப்புகளைத் திருகினார். பத்தில் ஒன்றானது. நான்காம் நாள் எண்ணினால்... பூஜ்யம். அது முடியாத காரியம். நடுவில் ஒரு பெட்டி இருக்கும்போது கொஞ்சமாவது தாமதம் இருந்தே ஆகவேண்டும். தப்பாக எண்ணிவிட்டோம் என்று நினைத்தார்.

மறுநாள் எண்ணினார். ஸ்க்ரீனில் தூண்டில் எழுந்தது. ஒரு வினாடி கழித்துத்தான் சித்தியின் விரல் அமுக்கியது.

இன்னொரு தரம் பார்த்தார். அதேதான்.

சித்தியிடம் சொல்லவில்லை. அவள் கண் ஸ்க்ரீனில் இருந்தது, விரலில் இல்லை. வரிசையாக மீன் வந்துகொண்டிருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். "கை பழகிடுச்சுங்க," என்றாள்.

ஸ்க்ரீனின் முதுகில் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, தினமும் மாலையில் சித்தப்பா கணக்கெழுதினார். ஒரு வினாடி. இரண்டு. நான்கு. எட்டு. நள்ளிரவானதும் ஸ்க்ரீனில் படம் ஒருமுறை வெட்டும்... 'டிக்' என்று ஒரு சத்தம். அடுத்த நாள் அளந்தால் இரண்டு மடங்கு. டேப் கணக்கில் பத்தாம் நாள் எட்டரை நிமிடம். சித்தி ஸ்க்ரீனைச் சரியாகப் பார்ப்பதுகூட இல்லை. கண் எங்கேயோ இருக்கும். விரல் மட்டும் போய்க்கொண்டிருக்கும். "எப்ப இழுக்கணும்னு எனக்கே தெரியுதுங்க... ஏற்கெனவே ஆடினது மாதிரி," என்பாள்.

நீங்கள் கேட்பீர்கள், ஏன் அதைத் தூக்கிப் போடவில்லை என்று. என் தோழியும் கேட்டாள்.

பதினான்காம் நாள் இரவு சித்தி தூங்கிவிட்டாள். கேம் பெட்டி அணைந்திருந்தது. ஸ்க்ரீனில் 'சிக்னல் இல்லை' என்று வந்திருக்க வேண்டும். வரவில்லை. விடிகாலையில் சிவப்புத் தக்கை தானாக ஆடியது. தூண்டில் எழுந்தது. ஏழு மீன், ஏழாவது ஒற்றைக் கண் மீன். நாலரை மணி நேரம் கழித்துச் சித்தி எழுந்து உட்கார்ந்து ஆடினாள். ஏழு மீன். ஏழாவது ஒற்றைக் கண்.

சித்தப்பாவுக்கு ஒன்று புரிந்தது. இரவில் தக்கை எழுந்தால், மறுநாள் அவள் இருக்கிறாள். ஆறு வாரத்தில் ஒரு நாள் குறைந்தது. எந்த டாக்டரும் எழுதித் தராத சீட்டு அது. அதை எப்படித் தூக்கிப் போடுவார்? தூங்காமல் உட்கார்ந்து அடுத்த இரவும் பார்த்தார். சித்தி ஆடினாள். மாலையில் டேப்பில் எழுதினார்: ஒன்பது மணி நேரம் ஆறு நிமிடம்.

அதற்கடுத்த இரவு. சரியாக மணி ஒன்று.

தக்கை முங்கியது. யாரும் இழுக்கவில்லை.

மறுபடி முங்கியது... நூல் ஓடும் சத்தம், கரகரவென்று. யாரும் இழுக்கவில்லை. பாஸ் என்ற எழுத்துக்காகச் சித்தப்பா காத்திருந்தார். கண்ணை இமைக்காமல். எழுத்து வரவில்லை. படகு தானாகத் திரும்பி, தானாக நகர்ந்தது. விடியும்வரை நகர்ந்தது. அறையில் பாசி வாசனை.

ஒன்றோடு ஒன்பது மணி ஆறு நிமிடத்தைக் கூட்டினார். காலை பத்து ஆறு.

எட்டு மணிக்கே சித்தியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். "எதுக்குங்க, எனக்கு ஒண்ணுமில்லையே," என்று அவள் வழியெல்லாம் கேட்டாள். டாக்டர் எல்லாம் பார்த்தார். "உங்க மனைவி நல்லா இருக்காங்க. உங்களைத்தான் படுக்க வச்சுப் பார்க்கணும் போல இருக்கு," என்றார். சித்தப்பா சிரிக்கவில்லை. வராந்தா பெஞ்சில் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து ஐந்து. பத்து ஆறு. அவள் கொட்டாவி விட்டாள். பத்து ஏழு. பதினொன்று.

"கையை விடுங்க. எல்லாரும் பார்க்கிறாங்க."

சித்தப்பா அங்கேயே அழுதார். அவருக்கு விளங்கிவிட்டது. வீட்டிலேயே இல்லையே, பிறகு யார் இழுப்பது? அதனால்தான் தக்கை எழவில்லை. அவ்வளவுதான் விஷயம். திரும்பும் வழியில் அவளுக்குப் பூப்போட்ட புதுப் போர்வை ஒன்று வாங்கினார்.

மாலை ஆறரைக்குச் சித்தி கன்ட்ரோலரை எடுத்தாள். சித்தப்பா தடுக்கவில்லை. சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். பல நாட்களுக்குப் பிறகு வாயில் ஒரு பாட்டு.

"ஏங்க, படகு சும்மா நிக்குது. நான் பாஸ் போடாம விட்டுட்டேனா?"

"இருக்கும்டி, இருக்கும்."

பால் பொங்கி வர, அடுப்பைத் தணித்தார். பிறகு அவள் சிரிப்பு.

"இங்க வந்து பாருங்களேன். என் தக்கையைக் காணோம். நீலத் தக்கை வந்திருக்கு. நீங்க ஆடுறாப்பலயே இருக்கு. ரெண்டு ரெண்டு தடவை இழுக்குது... ஒரு மீனும் வரல."

சித்தப்பாவும் சிரித்தார். பாலைக் கிளறினார். கரண்டி நின்றது.

நான் எதற்கு ஆடப்போகிறேன்? அவள் பக்கத்தில் இல்லாமல்?

அப்போதுதான் டேப் நினைவுக்கு வந்தது. ஒன்பது மணி ஆறு நிமிடம் என்பது முந்தின நாள் கணக்கு. நள்ளிரவில் அது இரண்டு மடங்காகியிருக்கும். பயத்தில், கடைசி வரியில் இருந்ததை அப்படியே எடுத்துக் கூட்டிவிட்டார். பதினாறு நாள் ஒன்றுவிடாமல் எண்ணினவர், அந்த ஒரு இரவு பெருக்க மறந்துவிட்டார்.

பதினெட்டு மணி பன்னிரண்டு நிமிடம். ஒன்றோடு கூட்டினால்...

சுவரில் மணி ஏழு பன்னிரண்டு.

ஓடினார். நாலு எட்டுதான். சித்தி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கன்ட்ரோலர் கையில் இருந்தது. கண் திறந்திருந்தது, உதட்டில் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது. சமையலறையிலிருந்து பால் தீயும் வாசனை வந்தது. யாரும் போய் அடுப்பை அணைக்கவில்லை.

அவள் விரல்களைப் பிரிக்க முடியவில்லை. எத்தனை பேர் முயன்றும் முடியவில்லை. கன்ட்ரோலரோடேயே அனுப்பினார்கள்.

இரண்டாவது கன்ட்ரோலரை இனித் தொடுவதில்லை என்று சித்தப்பா முடிவு செய்தார். பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அண்ணனிடம் கொடுத்துவிட்டார். மறுநாள் மதியம் எல்லோரும் போனார்கள். வீடு காலியானது. பிறகு என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. நினைவு வந்தபோது அவள் படுக்கையில் உட்கார்ந்திருந்தார். கையில் கன்ட்ரோலர். கட்டை விரல் அமுக்கிக்கொண்டிருந்தது... இரண்டு, இரண்டு. மணி ஒன்று தாண்டி இரண்டு நிமிடம்.

அதற்குப் பிறகு அவர் கடைக்குப் போகவில்லை.

சித்தி போய்ப் பதினாறு நாள் கழித்து என் தோழி பார்க்கப் போனாள். கதவு திறந்தே இருந்தது. சித்தப்பா இளைத்து, தாடி வளர்ந்து, கட்டில் விளிம்பில் இருந்தார். ஸ்க்ரீனில் ஏரி.

"அணைச்சுடுங்க சித்தப்பா, போதும்."

"அணைச்சுத்தாம்மா இருக்கு."

ஒயர் பிடுங்கிச் சுருட்டி ஜன்னலோரம் வைத்திருந்தது. அவளே தொட்டுப் பார்த்தாள். ஸ்க்ரீனில் தண்ணீர் அலம்பிக்கொண்டிருந்தது.

அப்போது... படகின் அந்தப் பக்கம் சிவப்புத் தக்கை முங்கியது. ஒரே இழுப்பு. சுத்தமான இழுப்பு. மீன் வந்தது. பிறகு படம் நின்றது. நடுவில் எழுத்து: பிளேயர் ஒன் – பாஸ்.

 சித்தப்பா மெல்லத் திரும்பினார். முகத்தில் வெளிச்சம்.

"பார்த்தியா? பாஸ் போட்டுட்டா. வரப்போறா."

"எப்பன்னு... கணக்குப் பார்த்தீங்களா?"

"இனி எதுக்கும்மா கணக்கு? சீக்கிரம்தான். நாந்தான் ஒழுங்கா சாப்பிட்டு உடம்பைத் தேத்திக்கணும்."

பஸ்ஸில் வரும்போது தோழி செல்போனை எடுத்துப் பெருக்கினாள். அவளும் என்னைப்போல அறிவியல் படித்தவள்தான். பதினெட்டு மணி பன்னிரண்டு நிமிடம், பதினாறு முறை இரட்டிப்பு. மூன்று தடவை போட்டாள். மூன்று தடவையும் ஒரே விடை. நூற்று முப்பத்தாறு வருடம்.

அவரிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

ஆனால் அவள் பயந்தது அந்த எண்ணுக்கு இல்லை. விடை வந்த பிறகுதான் இன்னொன்று அவள் ஞாபகத்துக்கு வந்தது. படம் நிற்பதற்கு முன்னால், படகின் இந்தப் பக்கம் ஒரு நீலத் தக்கை இருந்தது. கன்ட்ரோலரை யாராவது கையில் பிடித்திருந்தால்தான் அது தண்ணீரில் இருக்கும்.

அது எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தது... இரண்டு, இரண்டு.