பெற்றீசியா டீச்சரின் கதவுக் காட்சி

மேடையில் வரிசையாக வீற்றிருக்கும் சங்கத் தலைவர் லக்ஸ்மன் அவர்களே, செயற்குழுப் பெருமக்களே, கதிரை கிடைக்காமல் வாசலில் நிற்கும், தேயிலைத் தோட்டத்து மேட்டு லயன் வீடுகளின் மக்களே, வணக்கம். நான் ஹலீம். இசைநாடக ஆசிரியை பெற்றீசியா அம்மையாருக்குத் தபேலா வாசித்தவன்.

தலைவர் இருபது நிமிடம் பேசினார். 'இசைக்குயில்' என்றார். 'அம்பிட்டியவின் அணையா விளக்கு' என்றார். அடடா, என்ன பாசம்! இந்தக் குயில் உயிரோடு இருந்தபோது ஒத்திகை பார்க்க இந்த மண்டபத்தைக் கொடுத்தீர்களா? மூன்று கடிதம் எழுதினாரே, கொடுத்தீர்களா? "சோகத்தப் பாடி என்னங்க பிரயோசனம்? ஏதாவது சந்தோசமா போடுங்க டீச்சர்" என்றீர்கள்.

ஏன் கொடுக்கவில்லை? ஊருக்கே தெரியும். வாய்தான் வராது. நான் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்த அடைமழையில், பிற்பகல் மூன்று மணிக்கு, மேட்டு லயன் சனம் இந்த மண்டபத்துக்குத்தான் இறங்கி வந்தது. கதவைத் தட்டியது. உள்ளே மறுநாள் பரிசளிப்பு விழாவுக்காகக் கதிரைகளுக்கு வெள்ளை உறை போட்டிருந்தார்கள். "சேத்துக் காலோட எங்க வர்றீங்க? நாளைக்கு விழா இருக்கு, போங்க" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. போனார்கள். அவர்களில் ஒருவரான கறுப்பையா மனைவியையும் மகளையும் லயனுக்கு அனுப்பிவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கக் கடைக்குப் போனார். பாணோடு திரும்பியபோது மலை சரிந்து லயன் புதைந்திருந்தது. பதினொரு பேர்! உங்கள் வெள்ளை உறையில் ஒரு பொட்டுச் சேறு படவில்லை. வாழ்த்துகள்!

அதற்குப் பிறகு கறுப்பையா யாரோடும் பேசவில்லை. ஆறுதல் சொல்ல வந்த பெரியவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பெற்றீசியா டீச்சர்தான் சனிக்கிழமை தோறும் அந்த மக்களைத் தன் வீட்டு ஆர்மோனியத்தைச் சுற்றி உட்கார வைத்தார். அவரிடம் ஒரே சட்டம்: அவரவர் பட்டதை அவரவரே வரியாகக் கட்ட வேண்டும், அவரவரே பாட வேண்டும். ஏழு சனிக்கிழமை கறுப்பையா வாயைத் திறக்கவில்லை. எனக்கே பொறுமை போய்விட்டது. "விடுங்க நானா, அவருக்கு நேரம் வேணும்" என்றார் டீச்சர்; என்னை அண்ணன் முறை வைத்து 'நானா' என்றுதான் கூப்பிடுவார். எட்டாவது வாரம் கறுப்பையா பாடினார்: "கதவத் தெறங்க, புள்ள நனையுது." அவ்வளவுதான். குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டீச்சர், ஒரு தேத்தண்ணி கெடைக்குமா?" என்றார். மலை சரிந்த பிறகு அவர் ஒருவரிடம் ஒன்று கேட்டது அன்றுதான். இப்படிச் சனம் கட்டிய வரிகளைக் கோத்துத்தான் டீச்சர் நாடகம் எழுதினார்; கறுப்பையாவின் வரிதான் அதில் கதவுக் காட்சி.

இப்போது சங்கமே அந்த நாடகத்தை டீச்சர் நினைவாக மேடையேற்றப் போகிறதாம்! கொழும்புப் பாடகர்களாம்! கதவுக் காட்சி மட்டும் 'நேரம் போதாமையால்' இருக்காதாம்! வெட்கமாக இல்லையா? உயிரை எடுத்துவிட்டு உடம்புக்கு மாலை போடுவதுதான் உங்கள் மரியாதையா?

நடக்காது. நாடகக் கொப்பி என்னிடம் இருக்கிறது. அடுத்த மாதம் தோட்டத்து மைதானத்தில் நாடகம் முழுதாக நடக்கும். கறுப்பையாவின் வரியைக் கறுப்பையாவே பாடுவார். டீச்சர் மேல் ஆணையாகச் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று. கதவுக்கு உள்ளே இருந்தவர் வேடத்துக்கு யாரையும் போட டீச்சர் சம்மதிக்கவே இல்லை. நான் பாடுகிறேன் என்றேன், அந்த மனிதனை மேடையில் வைத்து நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்க ஆசை. "அது அவரோட வரி நானா. அவருக்கும் ஆறணும் தானே?" என்றார். நானாக இருந்தால் அந்த மனிதனை வாசற்படி மிதிக்க விடமாட்டேன். டீச்சர் அப்படியில்லை. கொப்பியில் கறுப்பையாவின் வரிக்குக் கீழே பாதிப் பக்கம் வெறுமையாக விட்டு, ஓரத்தில் உங்கள் பெயரை எழுதி வைத்திருக்கிறார், லக்ஸ்மன் அவர்களே. சனிக்கிழமை மூன்று மணிக்கு ஒத்திகை. வந்து பாடுங்கள்.