ஏரிக்கரையில் இன்னொரு ஆள்

1991இல் ஒரு சாயங்காலம், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகும் பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் தன் அண்ணியிடம் சொன்னார்:

"ஏரிக்கரைல நடந்தா பின்னாடி யாரோ வர்றாங்க அண்ணி."

ஆபரேஷனுக்குப் பிறகு மலம் இறங்க அவர் வயிற்றில் பை மாட்டியிருப்பது அதற்குள் பாதி பஸ்ஸுக்குத் தெரிந்திருந்தது.

"அது பை வேட்டில உரசற சத்தம். நர்சம்மா சொன்னாப்ல காலி பண்ணிட்டு, மேல துணி பெல்ட் கட்டிகினு நட."

"கட்டிட்டேன். பை சத்தம் நின்னுடுச்சி. காலடி சத்தம் நிக்கல."

அண்ணி சிரித்தார். "அது நான்தான் தம்பி. நீ மயங்கி வுழுந்தா தூக்க ஆள் வேணாமா?"

"நேத்துமா?"

"நேத்து எங்கம்மா வூட்ல இல்ல இருந்தேன்!"

"நேத்தும் வந்துச்சி அண்ணி."

அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னிக்கு நடக்க வேணாம் தம்பி."

"வூட்ல குந்திகினு இருந்தா ஒடம்பு எப்ப தேறும்? கம்பெனில எப்ப ஷிப்ட்டுல ஏத்துவான்? எது வந்தா இன்னா, கூட நடக்கட்டும்."

ஏரிக்கரை ஸ்டாப்பில் இறங்கி, பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் நடந்தார். அண்ணி பின்னாலேயே ஓடினார்.

என் ஸ்டாப்பும் அதுதான். வயிற்றில் தொப்பையைத் தவிர வேறெந்தக் குறையும் இல்லாத நான், அடுத்த ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுத்தேன்.