நகர்த்திய புள்ளி

உட்காரச் சொன்னீர்கள், நன்றி. நான் நின்றுகொண்டே பேசுகிறேனே. கொஞ்ச நாளாக ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் முழங்கால் தானாக ஆடுகிறது, எதிரில் இருப்பவர்களுக்கு எரிச்சலாகிவிடுகிறது. முன்பெல்லாம் என் மனைவி அதன்மேல் கையை வைத்து அழுத்துவாள். இப்போது அவள் என்னோடு ஒரே அறையில் இருப்பதில்லை.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் தலைகால் புரியாது. வனவுயிர்த் துறை ஒவ்வொரு உயிரினத்தையும் ஒரு வகையில் வைக்கும். பரவலானது, குறைந்து வருவது, அழிவின் விளிம்பில் இருப்பது என்று. சில இனங்களுக்கு அதற்கும் மேல் ஒரு முத்திரை உண்டு: இருப்பிடம் வெளியிடக்கூடாதது. சொன்னால் முட்டை திருடுகிறவர்களும், படம் எடுக்கிறேன் என்று கூட்டைக் கலைக்கிறவர்களும் வந்துவிடுவார்கள். அதனால் நாங்கள் வெளியிடும் வரைபடத்தில் அந்த இனங்களின் புள்ளி வேறெங்காவது இருக்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம், குன்றுக்குப் பின்னால், இப்படி. புள்ளிகளை நகர்த்துவதுதான் என் வேலை. பொய் சொல்லச் சம்பளம் வாங்கும் ஒரே நேர்மையான மனிதர் என்று என் மைத்துனன் கிண்டல் செய்வான்.

நீங்கள் விசாரிப்பது அவனைப் பற்றித்தான். மனைவியின் தம்பி. பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை, விடுமுறை நாட்களில் கேமராவோடு பறவை பார்க்கப் போவான். வாய் ஓயாது. எனக்கு அவனைப் பிடிக்கும்.

சாம்பல் குருகு என்று ஒரு பறவை. கோரைக்குள் நின்றால் கோரையா பறவையா என்று தெரியாது. இந்த வட்டாரத்தில் அது கூடு கட்டும் சதுப்பு ஒன்றே ஒன்று. அதைக் கண்டுபிடித்தவன் நான், முத்திரை வாங்கிக் கொடுத்தவனும் நான். அந்த முத்திரையால் அங்கே வரவிருந்த சாலை சுற்றிக்கொண்டு போனது. உருப்படியாக நான் செய்த ஒரே காரியம் அதுதான். சாப்பாட்டு மேசையில் மைத்துனன் அந்த இடத்தைத்தான் கேட்டு நச்சரிப்பான்.

"ஒரே ஒரு படம் மாமா. எந்த எடம்னு யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

"உன்னால பல்லு கட்டிக்க வர்றவங்ககிட்டயே வாய மூட முடியாது மாப்ள."

நான் சதுப்புக்குப் போன ஒரு நாள் அவன் என் வண்டியைப் பின்தொடர்ந்திருக்கிறான். அடுத்த வாரம் தனியாகப் போனான். கூடு கட்டும் பருவம், மனிதர் நுழையவே கூடாத மாதம். மத்தியானம் நான் அலுவலகத்தில் இருந்தபோது கூப்பிட்டான். சேற்றுக்குழியில் இடுப்புவரை மாட்டிக்கொண்டேன், கயிறோடு இரண்டு பேரை அனுப்புங்கள் என்றான். பிறகு இணைப்பு அறுந்துவிட்டது.

தேநீர் வாங்கினேன், குடிக்கவில்லை. மாடிப்படியில் இறங்கினேன், ஏறினேன், மறுபடி இறங்கினேன். அவனை நினைத்துப் பதறினேன் என்று சொன்னால் உங்களுக்கு நன்றாக இருக்கும். பறவைகளை நினைத்துத்தான் பதறினேன். இரண்டு பேர் என்று அவன் சொன்னாலும் மீட்புப் படை வந்தால் படகு, நாய், இயந்திரம் எல்லாம் வரும். அடைகாக்கும் பறவை ஒருமுறை எழுந்து போனால் திரும்புவது சந்தேகம்.

அவன் கூப்பிட்டதை யாரிடமும் சொல்லவில்லை. அன்று மாலை தம்பியைக் காணவில்லை என்று என் மனைவி புகார் கொடுத்தாள். கைபேசிக் கோபுரம் காட்டிய வட்டத்தில் ஆற்றின் இரண்டு கரையும் அடங்கியிருந்தது. மறுநாள் காலை மீட்புப் படைத் தலைவர் என் மேசைக்கே வந்துவிட்டார். தூங்காத கண்.

"அந்தப் பறவையத் தேடித்தான் போயிருப்பாருன்னு உங்க வீட்டம்மா சொல்றாங்க சார். அது கூடு கட்டுற எடத்தக் காட்டுங்க, நேரா போயிடுறோம்."

வரைபடத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். வெளியாட்களுக்குத் தரும் வரைபடம். அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

எதிர்க்கரையில் தேடினார்கள். நானும் கூடப் போனேன். தொண்டை கட்டும்வரை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், அதில் நடிப்பில்லை. காற்று திரும்பியபோது ஆற்றுக்கு அப்பாலிருந்து ஏதோ குரல் கேட்கிறது என்றார் ஒருவர். குருகு அப்படித்தான் கத்தும் என்று அவருக்கு விளக்கினேன். அவர் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார்.

வீட்டில் மனைவி கதவருகிலேயே நின்றிருந்தாள்.

"சரியான எடத்தத்தானே காட்டினீங்க?"

"ஆமா."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

குழாய் சொட்டுகிறது என்று சொல்லிச் சமையலறைக்குப் போனேன்.

அதற்கடுத்த நாள் அவர்களாகவே கரை மாறித் தேடியபோது கிடைத்தான். முந்தின நாள் சாயங்காலம்வரை உயிர் இருந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். மனித உயிருக்கு ஆபத்து என்றால் உண்மையான இடத்தைத் தரலாம் என்று விதியிலேயே இருக்கிறதே, தெரியாதா என்று சற்றுமுன் கேட்டீர்கள். தெரியும். அந்த வரியைச் சேர்க்கச் சொன்னவனே நான்தான்.

அவன் எவ்வளவு நேரம் என்னோடு பேசினான் என்பது கைபேசிப் பதிவிலிருந்து உங்களுக்குக் கிடைத்துவிட்டது. என்ன பேசினான் என்பதை நான் சொன்னால்தான் உண்டு. கயிறு கேட்பதற்கு முன்னால் அவன் சொன்னது இது:

"மாமா, இங்க ஒண்ணுமே இல்ல. மக்கிப்போன பழைய கூடு ரெண்டு கெடக்கு, அவ்ளோதான். எப்பவோ போயிடுச்சுங்க. இதுக்கா மாமா இத்தன வருஷம் ஒளிச்சு வெச்சீங்க?"

இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டு சிரித்தான். கெட்ட எண்ணமில்லாத சிரிப்பு. ஆனால் அவன் கரையேறினால் ஊர் முழுக்கச் சொல்வான். முத்திரையை எடுத்துவிடுவார்கள், சாலை வந்துவிடும், நான் காத்த இடம் காலி மனை என்றாகிவிடும். எனக்குப் பயமாக இருந்தது. அவன் கரையேறக் கூடாது என்று நினைத்துத்தான் அந்த வரைபடத்தைக் கொடுத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நானும் சில பருவங்களாக அங்கே ஒரு பறவையையும் பார்க்கவில்லை, உண்மைதான். அதனால் இல்லை என்று ஆகிவிடுமா? அது மறைந்து வாழும் பறவை. உங்கள் ஆட்கள் இன்னும் பூட்ஸ் காலோடு அங்கே நடமாடுகிறார்களாம். தயவுசெய்து அவர்களை வெளியே வரச் சொல்லுங்கள். இது முட்டையிடும் மாதம்.