அவள் உடம்பைப் பற்றி நான் சொன்னது

ஆய்வாளர்கள் கூடும் இடத்தில் தேநீர் சூடாக இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மேடையில் யார் என்ன பேசினாலும் காரியம் நடப்பது இடைவேளையில்தான். அதனால் சங்கத்துக்குச் செயலாளராக வந்த பிறகு, மற்ற எல்லா ஏற்பாட்டையும் பிறரிடம் விட்டாலும் தேநீரை மட்டும் நான் விட்டதில்லை.

எங்கள் உதவித்தொகையைப் பற்றி உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். பல நாடுகளிலிருந்து அறிவியல் படித்தவர்களைப் பொறுக்கியெடுத்து, கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வரை படிக்கவைப்பார்கள். திரும்பிப் போனவர்கள் ஒருவரையொருவர் மறந்துவிடக் கூடாது என்று ஒரு முன்னாள் மாணவர் சங்கம். ஆண்டுக்கு ஒரு கூட்டம். அதில் ஆளாளுக்கு எழுந்து தாங்கள் சாதித்ததைச் சொல்வார்கள். ஒருவர் தடுப்பூசி, ஒருவர் நிலநடுக்கம், ஒருவர் ஏதோ ஒரு விண்மீன். என் முறை வரும்போது நான் அடுத்த வேளை உணவு எங்கே என்று அறிவித்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

நான் மண்ணில் உப்பு சேர்வதைப் பற்றி ஆய்வு செய்தவள். அதை என் பேராசிரியர் படித்தார். தேர்வாளரும் படித்திருக்க வேண்டும். வேறு யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

ஆனால் யாருக்கு யார் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கருவி வைத்திருப்பவரிடம் கருவி தேடுகிறவரை அனுப்புவேன். வேலை காலியாக இருக்கும் இடத்தை வேலை தேடுகிறவர் காதில் போடுவேன். இங்கே காலையில் சொன்னால் மாலைக்குள் மூன்று நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்பதால் என்னைத் ‘தந்தி’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

நான் சொல்ல வந்தவளுக்குப் பெயர் ‘பூஞ்சை’. அதுவும் விடுதியில் வைத்ததுதான். நாங்கள் இருவரும் ஒரே ஆண்டு தேர்வாகி ஒரே அறையில் தங்கினோம். அவள் ஜன்னலோரம் ரொட்டித் துண்டுகளை அடுக்கி, அவற்றில் பூஞ்சை படர்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்துவேன். “சும்மா இருடி, அது உன்னை ஒண்ணும் கடிக்காது” என்பாள். பிறகு தானியங்களில் வளரும் பூஞ்சையையும் அது விடும் நஞ்சையும் ஆராய்வதே அவள் வேலையாயிற்று. அந்த நஞ்சுக்கு நிறமில்லை, வாசனையில்லை, சமைத்தாலும் போகாது. கல்லீரலைத் தின்றுவிடும். அதைச் சில நிமிடங்களில் காட்டிக்கொடுக்கும் ஒரு சோதனையை அவள் உருவாக்கினாள். எங்கள் வகுப்பிலேயே உண்மையில் எதையாவது கண்டுபிடித்தவள் என்றால் அவள்தான். இதை நான் எப்போதும் எல்லாரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். விசாரித்துப் பாருங்கள்.

படிக்கும் காலத்தில் அவளுடைய அம்மா இறந்துபோனார். செய்தி வந்தபோது தேர்வு நேரம். ஊருக்குப் போக முடியவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தவள் பல நாள் எழவில்லை. சோறு பிசைந்து நான்தான் ஊட்டினேன். தலை வாரிவிட்டேன். அவளுடைய பேராசிரியரிடம் போய், “அவளுக்கு உடம்பு சரியில்லை” என்று சொல்லி அவகாசம் வாங்கியதும் நான்தான். அவள் அதை மறக்கவே இல்லை. “அன்னைக்கு நீ இல்லன்னா நான் இல்லடி” என்று பிள்ளை பெற்ற பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் சொன்ன முதல் வார்த்தைக்கு அடிப்படை அதுதான். ஆகவே அதை முழுப்பொய் என்று நான் அப்போது நினைக்கவில்லை.

ஒரு கூட்டத்தில், தேநீர் இடைவேளையில், பெரிய ஆய்வு நிலையம் ஒன்றின் இயக்குநர் என்னைத் தனியே அழைத்தார். புதிதாகத் தொடங்கும் உணவுப் பாதுகாப்புத் துறைக்கு அவளைத் தலைவியாகக் கூப்பிட நினைக்கிறார்களாம்.

“உங்க ரூம்மேட்தானே. நீங்க என்ன சொல்றீங்க?” என்றார்.

“தங்கமான பொண்ணு சார். மூளைன்னா அப்படி ஒரு மூளை” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் கோப்பையைக் கையில் வைத்தபடி என் பக்கம் குனிந்து, அடுத்து நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார். என் ஆய்வைப் பற்றி நான் பேசியபோது எவரும் அப்படிக் குனிந்து கேட்டதில்லை.

“இப்போ உடம்பு எப்படி இருக்குன்னுதான் தெரியல” என்றேன்.

“ஏன், என்ன உடம்புக்கு?”

“ஒண்ணுமில்ல சார். படிக்கும்போது ஒரு தடவை கொஞ்சம் மனசு உடைஞ்சுபோயிட்டா. பெரிய பொறுப்புன்னா பாவம், தாங்குவாளான்னு ஒரு கவலை. நான் சொன்னதா இருக்க வேண்டாம்.”

அவர் தலையாட்டினார். என் நல்ல மனதை மெச்சியது போலத்தான் இருந்தது. அந்தப் பதவி வேறொருவருக்குப் போயிற்று. அவள் என்னிடம் வந்து வருத்தப்பட்டாள். அவளைச் சமாதானப்படுத்தி, வீட்டுக்குப் போகும்வரை கூடவே நடந்தேன்.

அடுத்த முறை நானாக எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வேறு நாட்டிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் குரலைத் தாழ்த்தி, “அவங்க கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில இருந்தாங்களாமே” என்றார். நான் சொன்னதற்குக் கண், காது, மூக்கு எல்லாம் முளைத்து, கடல் தாண்டிப் போய், என்னிடமே திரும்பி வந்திருந்தது. அவள் எந்த ஆஸ்பத்திரியிலும் இருந்ததில்லை. பிரசவத்துக்குப் போனதோடு சரி. இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நான், “அதெல்லாம் வெளியில பேச வேண்டாம் சார், ப்ளீஸ்” என்றேன். மறுத்திருந்தால்கூடச் சிலர் சந்தேகப்பட்டிருப்பார்கள். மறைக்கப் பார்த்ததால் எல்லாரும் நம்பிவிட்டார்கள்.

நெருப்பில்லாமல் புகையுமா என்று கேட்பார்கள். புகையும். அதை ஊதத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும்.

கூட்டங்களுக்கு அவளுக்கு அழைப்பு குறைந்தது. அழைத்த இடங்களிலும் யாரும் அவளிடம் கடுமையாகக் கேள்வி கேட்பதில்லை. ஆய்வாளரிடம் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டால் அவர் முடிந்தார் என்று பொருள். அவளுக்கு அது தெரியும். ஒருநாள் என் அலுவலக அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

“என்னடி இது, எல்லாரும் என்கிட்ட சின்னப் பிள்ளைகிட்ட பேசற மாதிரி பேசறாங்க. நான் ஏதாவது தப்பா நடந்துக்கறேனா?”

“அப்படியெல்லாம் இல்லை. நீ ரொம்ப உழைக்கிறே. முகமே வாடிப்போச்சு. கொஞ்ச நாள் லீவு போடேன்.”

“நிஜமாவா? என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது?”

“நான் உன்கிட்ட பொய் சொல்வேனா?”

அவள் கணவர் பாலங்களைச் சோதிக்கும் பொறியாளர். விரிசல் என்று கேட்டாலே ஏணி எடுத்துக்கொண்டு ஓடுகிற தொழில். “அண்ணா, அவளைக் கொஞ்சம் கவனிச்சுக்குங்க, தனியா விட வேண்டாம்” என்று அவரிடம் ஒருமுறை சொன்னேன். ஒருமுறைதான். அதன் பிறகு அவர் அவளை உற்றுப் பார்க்கத் தொடங்கினார். உற்றுப் பார்த்தால் யாரிடம்தான் விரிசல் தெரியாது? அவள் தூங்கவில்லை என்றார். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு யோசிக்கிறாள் என்றார். அவள் அறிமுகமான நாளிலிருந்து அப்படித்தான். மருத்துவரிடம் கூட்டிப்போனார். மருத்துவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னது கணவர். கணவருக்குச் சொல்லிக்கொடுத்தது நான். மாத்திரை கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டதும் அவள் கை நடுங்க ஆரம்பித்தது. சோதனைக்குழாயில் சொட்டு தவறியது. ஆய்வகத்தில் இரண்டு முடிவுகள் பிழையாகிப்போயின. “அப்போவே சொன்னாங்க இல்ல” என்று பேசிக்கொண்டார்கள்.

அவள் மகள் என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போனபோது கூடத்தில் தொலைக்காட்சி சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளை அதன் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “சத்தம் வைக்கலாமே” என்றேன். “அம்மாவுக்கு ஆகாது பெரியம்மா” என்றாள். உள்ளே அவள் அம்மா துணி மடித்துக்கொண்டு, ஏன் இந்த வீடு இவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று புரியாமல் இருந்தாள். அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் எங்கே போய், யாரிடம், எதை நிறுத்துவது? யாரிடமும் நான் பெரிதாக எதுவும் சொல்லியிருக்கவில்லையே. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நீங்கள் விசாரிக்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

கிடங்குகளுக்குள் ஈரம் ஏறிய அந்தப் பெருமழைக்குப் பிறகு, அங்கிருந்த மக்காச்சோளத்தை அவள் தன் சோதனையால் பார்த்திருக்கிறாள். ஒரு கிடங்கின் தானியத்தில் நஞ்சு அளவு கடந்து இருந்தது. அங்கிருந்துதான் விடுதிப் பள்ளிகளுக்கு மாவு போகிறது. அவள் உணவுத் துறை அதிகாரியை நேரில் பார்த்து, மாவை நிறுத்தச் சொன்னாள். அவரும் எங்கள் உதவித்தொகையில் படித்தவர்தான். எங்களுக்கு இளையவர். என்னை அக்கா என்பார். அவள் போன கையோடு எனக்குத் தொலைபேசியில் பேசினார்.

“அக்கா, உங்க ஃப்ரெண்ட் வந்துட்டுப் போறாங்க. கிடங்கையே மூடணும்கறாங்க. கை வேற நடுங்குது. எடுத்துக்கலாமா?”

நான், “பாவம்ப்பா, அவளுக்கு இப்போ எங்க பார்த்தாலும் பூஞ்சைதான்” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். பெயரையும் தொழிலையும் சேர்த்துச் சொன்ன அந்தச் சிலேடை அவருக்குப் பிடித்துவிட்டது. நானும் சேர்ந்து சிரித்தேன். வேறொரு ஆளை வைத்து மறுபடி சோதிக்கலாம், அவசரமில்லை என்று முடிவு செய்தார். மறுபடி சோதிப்பதற்குள் மாவு போய்ச் சேர்ந்துவிட்டது.

எத்தனை பிள்ளைகள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த எண்ணை நான் வாயால் சொல்ல மாட்டேன். கண் மஞ்சளாகி வயிறு வீங்கிய பிள்ளைகளை ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்தேன். சங்கத்தின் சார்பில் பழமும் போர்வையும் கொண்டுபோயிருந்தேன். ஒரு தாய் என் இரண்டு கைகளையும் பிடித்து, “நீங்களெல்லாம் நல்லா இருக்கணும்” என்றாள். கைகளை விடுவித்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை.

அதிகாரி உங்களிடம், நம்பகமான இடத்தில் விசாரித்துத்தான் முடிவெடுத்தேன் என்று சொல்லியிருக்கிறார். அந்த இடம் நான். என் பெயரை அவர் சொல்லவில்லை என்பது என் மீதுள்ள மரியாதை. நானாக வந்திராவிட்டால் நீங்கள் என்னைத் தேடியிருக்கவே மாட்டீர்கள்.

நான் வந்ததற்குக் காரணம் அவள். பிள்ளைகள் இறந்த செய்தி வந்ததும் அவளைப் பார்க்கப் போனேன். திட்டுவாள், யாரையாவது சபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். “என் தப்புடி” என்றாள். “நான் தெளிவா இருந்திருந்தா அவர் நம்பியிருப்பார். கை நடுங்காம இருந்திருக்கணும். எனக்கு உடம்பு இப்படி ஆகாம இருந்திருந்தா அந்தப் பிள்ளைங்க இருந்திருக்கும்.” என் மடியில் தலையை வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். விடுதியில் செய்தது போலத் தலையைக் கோதிவிட்டேன். அன்று வீடு திரும்பியதும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு என் வாயைக் கண்ணாடியில் பார்த்தேன். சாதாரண வாய்தான்.

இங்கே வருவதற்கு முன் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இயக்குநர், ஆஸ்பத்திரிப் பேச்சு, அவள் கணவர், தொலைபேசி, எல்லாம். நான் முடித்ததும் மெதுவாகக் கேட்டாள்.

“அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா?”

“ஒண்ணும் இல்லை. எப்பவுமே இருந்ததில்லை.”

அவள் தன் கையை நீட்டி, அது நடுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அவள் முகத்தில் விடுதிக் காலத்து அந்தக் கவனம் வந்திருந்தது.

உங்களிடம் இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. பொறாமையில் உளறினேன், வேடிக்கையாகச் சொன்னது வினையாயிற்று என்று நீங்கள் எழுதிக்கொண்டிருப்பீர்கள். நான் பேசியது அப்படி எழுதும்படிதான் இருந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

அதிகாரியிடம் போவதற்கு முன் அவள் முதலில் வந்தது என்னிடம். தன் கைமேலேயே அவளுக்கு நம்பிக்கை போயிருந்ததால், சோதனை முடிவுகளை என் மேஜைமேல் பரப்பி, “நீ பார்த்துச் சொல்லுடி, நான் சரியாத்தான் இருக்கேனா?” என்றாள். நானும் அறிவியல் படித்தவள். வரிவரியாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு, “எனக்கு இதெல்லாம் புரியலைடி, நீ முதல்ல தூங்கு” என்றேன். அவள் செய்தது சரி என்று ஊருக்குத் தெரிந்தால், அவளுக்கு ஒன்றுமில்லை என்பதும் தெரியும். அப்புறம் இத்தனை நாள் யார் சொன்னது என்று தேடுவார்கள். மேஜையில் உட்கார்ந்தபடியே இதையெல்லாம் நான் யோசித்தேன். அதற்குப் பிறகுதான் தொலைபேசி வந்தது.

நான் எல்லாவற்றையும் சொன்ன அன்று, அவள் தன் கையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

“அன்னைக்கு உன்கிட்ட காட்டினேனே. உனக்குப் புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது” என்றேன்.