பழைய கெர்னலில் கட்டியது

அன்றைக்கு நான் என்ன புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன் என்பது சரியாக நினைவில்லை, ஐயா. கடல் பயணம் பற்றியது என்று தோன்றுகிறது. தவறாகவும் இருக்கலாம்.

எங்கள் கம்பெனி, அட்டையைக் காட்டினால் திறக்கும் கதவுப் பூட்டுகளைச் செய்கிறது. ஒவ்வொரு பூட்டுக்குள்ளும் லினக்ஸ் என்ற சின்ன இயங்குதளம் ஓடுகிறது. அதற்கு அடியில், அதன் உயிர்க்கருவாகக் கெர்னல். எந்தக் கெர்னல் பதிப்போ, அதை வைத்தே பூட்டின் மென்பொருளைக் கட்ட வேண்டும். பதிப்பு மாறினால் கெர்னல் அதை வாசற்படி ஏற விடாது. எழுதிய நிரலைப் பூட்டில் ஓடும் மென்பொருளாகக் கட்டுவது என் வேலை. அதற்கொரு பழைய கணினி, ஒரு தனியறை. அது கட்டி முடிக்க மணிக்கணக்காகும். அதுவரை படித்துக்கொண்டிருப்பேன்.

அக்காவின் கணவர் எங்களுக்கு மேனேஜராக வந்தார். தங்கமான மனிதர். தண்ணீர் குடிக்கும்போது மட்டும் பேசமாட்டார்.

"என்ன மாப்ள, அடைகாக்குறியா? குஞ்சு பொரிச்சிச்சா?"

"இன்னும் இல்ல அத்தான்."

"புதுக் கெர்னலுக்கு மாறிடுவோம். இந்த ஓட்டைக் கணினியும் வேணாம், ரூமும் வேணாம். என் பக்கத்துல வந்து உக்காரு. நாள் பூரா பேசிக்கிட்டே வேலை பாக்கலாம்."

நாள் பூரா என்றார்.

பழைய கெர்னலை வைத்தே கட்டி, புதுப் பதிப்பின் எண்ணை மேலே எழுதிக் கொடுத்தேன். அத்தான் அதைப் புதுக் கெர்னலோடு சேர்த்துப் பூட்டுகளில் ஏற்றிப் பார்த்தார். கதவு திறந்தது. பூட்டை ரீபூட் செய்தால்தான், அதாவது அணைத்து மறுபடி எழுப்பினால்தான், புதுக் கெர்னல் எழும். அதுவரை ஓடுவது பழையதுதான். அவருக்கு அது தோன்றவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் பெரியவர் பேசும்போது குறுக்கிடுவது மரியாதையில்லை.

விடுமுறை நாளில் இருவர் மட்டும் வந்திருந்தோம். அவர் குளிரூட்டிய சர்வர் அறைக்குள் போனதும் எல்லாப் பூட்டுகளையும் ரீபூட் செய்தேன்.

"மாப்ள, கதவு தொறக்கல. விளையாடாத." பிறகு, "டேய், குளுருதுடா. என் போன் வெளிய மேஜையில கெடக்கு. உங்க அக்காவுக்காவது போன் பண்ணு."

பழைய கெர்னலில் எழுப்ப ஒரு கட்டளை போதும். அத்தியாயம் முடியட்டும் என்றிருந்தேன். பெரிய அத்தியாயம்.

அத்தான் உயிரோடுதான் வெளியே வந்தார். கத்திக் கத்திக் குரல் போய்விட்டது. திரும்பாது என்றார் டாக்டர். வேலையை விட்டுவிட்டார். அக்கா இரண்டு இடங்களில் வேலைக்குப் போகிறாள். கம்பெனி பழைய கெர்னலிலேயே இருக்கிறது, நான் என் அறையில். வாராவாரம் அவரைப் பார்க்கப் போகிறேன். என்னைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். அவருக்கும் தனிமை பிடிக்க ஆரம்பித்துவிட்டது.