குவைத்துக்குப் போன காப்பி

விண்ணரசி: நிறுத்து ஆன்டோ, நிறுத்து! மறுபடி எதுக்கு அந்தக் கல்யாணக் கேசட்டையே போட்டுக் காட்டுற?

ஆன்டோ: எந்த இடம்னு காட்டச் சொன்னது நீங்கதானக்கா...

விண்ணரசி: அதுக்கு இப்படியா? எம்மகளைப் பக்கத்துல வச்சுக்கிட்டு...

லின்சி: பரவால்லம்மா. ஊரே பாத்தாச்சு.

விண்ணரசி: நீ சும்மா இரு. ஏன் தம்பி, கல்யாணம் எங்க அண்ணன் மக ஃபெபிக்கா, இவளுக்கா? ஃபெபி மோதிரம் மாத்துறது கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள போயிடுது. இவ குனிஞ்சு பாயசம் ஊத்துறது மட்டும் ஸ்லோ மோஷன்ல...

ஆன்டோ: அது வீடியோ மிக்ஸிங்க்கா. பந்தியை வெறும்னே ஓட்டுனா யாரு பாப்பாங்க?

விண்ணரசி: அதுக்கு மழைப் பாட்டா போடுவ? மண்டபத்துக்குள்ள எங்கடா மழை?

ஆன்டோ: கேபிள் வந்ததுலேருந்து எல்லாரும் இப்படித்தான் கேக்குறாங்க. டி.வி.ல வர்ற பாட்டு மாதிரி பண்ணிக் குடுன்னு. அதுல பொண்ணுங்க... நனைஞ்சுக்கிட்டேதான இருக்காங்க?

லின்சி: எம்மேல பாயசம்கூட சிந்தலண்ணே.

விண்ணரசி: சிரிக்கிறியா நீ? இவ டீச்சர்டா! திருக்காட்டுப்பள்ளி பஸ்ல ஏறுனா, பின்னாலேருந்து அந்தப் பாட்டை ராகம் போட்டு இழுக்குறானுங்க.

ஆன்டோ: வெட்டிடுறேங்க்கா. இன்னைக்கே வெட்டிடுறேன். ஆனா குவைத்துக்குப் போன காப்பி...

விண்ணரசி: எந்த... எந்தக் குவைத்து?

ஆன்டோ: என்னக்கா, தெரியாத மாதிரி? கல்யாணத்துக்கு மொத நாள் உங்க வீட்டுக்காரரு வந்தாரே...

விண்ணரசி: அத அப்புறம் பேசிக்கலாம்...

லின்சி: சொல்லுங்கண்ணே. எதுக்கு வந்தாரு அப்பா?

ஆன்டோ: குவைத்துல இருக்க ஆண்டனிக்கு லீவு கெடைக்கலயாம், பொண்ணு பாக்க வர முடியாதாம். கேசட்டுலயே பாத்துக்கட்டும், லின்சியைக் கொஞ்சம் சேத்து எடுன்னாரு.

விண்ணரசி: அவரு எதையாவது உளறியிருப்பாரு!

ஆன்டோ: உளறலக்கா. எங்க நின்னா வெளிச்சம் நல்லா விழும்ங்கிற வரைக்கும் கேட்டுட்டுப் போனாரு. பாயசத் தூக்கை லின்சி கையில திணிச்சதே நீங்கதான?

விண்ணரசி: முகத்தைக் காட்டுன்னுதானடா சொல்லி அனுப்புனேன்! இடுப்பை யாருடா கேட்டா?

ஆன்டோ: ...கொஞ்சம் சேத்துன்னா எவ்வளவுன்னு எனக்குப் புரியலக்கா.

விண்ணரசி: வாயை மூடு. வேற கேசட் போடு. முகம் மட்டும் வரட்டும். மாதா பாட்டு ஒண்ணை வை. முன்னது தப்பா வந்துடுச்சுன்னு எழுதி அனுப்பிடலாம்.

லின்சி: அனுப்ப வேணாம்மா.

விண்ணரசி: ஏண்டி?

லின்சி: ஆண்டனியே பேசுனாரு. ஜெகபர் அலி அண்ணன் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வந்துச்சு.

விண்ணரசி: எப்ப? எங்கிட்ட சொல்லவே இல்ல... என்ன சொன்னாரு?

லின்சி: ரொம்பப் பிடிச்சிருக்குன்னாரு. ரூம்ல கூட இருக்க எல்லாருக்குமே பிடிச்சிருக்காம்.

விண்ணரசி: மாதாவே... எல்லாருமா பாத்தாங்க?

லின்சி: திருப்பித் திருப்பிப் போட்டாங்களாம். சரி, என் முகம் எப்படிங்க இருந்துச்சுன்னு கேட்டேன்.

விண்ணரசி: கேட்டியா! அதுக்கு?

லின்சி: மூக்குத்தி எடுப்பா இருந்துச்சுன்னாரு.

விண்ணரசி: நீ எங்கடி மூக்குக் குத்தியிருக்க?

லின்சி: அதையேதாம்மா அவருகிட்ட சொன்னேன். நீங்க வேற பொண்ணு பாத்துக்குங்கன்னுட்டு போனை வச்சிட்டேன்.